பத்து வரை

டோரின் என்ற கணினி மொழியின் ஐந்தாம் பதிப்பு வெளியாக ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பொறுப்பானவள் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நெடுங்கரையில், மாடி அறையில், கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். மே மாதக் கடைசி வெயிலில் தளம் கொதித்தது. மின்விசிறி சுற்றினாலும் அனல்தான் வந்தது.

அவள் பெயர் சுடர்விழி. வயது முப்பத்திரண்டு. சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சம்பளம் அங்கேயிருந்து வந்தது. டோரினுக்குச் சம்பளம் கிடையாது. உலகம் முழுக்க இருநூறு பேர் ஆசைக்காகச் செய்கிற வேலை அது. வானிலை நிலையங்களிலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்த மொழியில் எழுதிய நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டோரின் கையேட்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பியதுதான் அவள் செய்த முதல் காரியம். மறுநாளே யாரோ அதை ஏற்றுக்கொண்டு இரண்டு வரியில் நன்றி எழுதியிருந்தார்கள். அதை அவள் மூன்று தரம் படித்தாள். பிறகு பக்கம் பக்கமாகக் கையேட்டைச் சரிசெய்தாள். புரியாத இடங்களை மாற்றி எழுதினாள். புதிதாக வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். போன பிப்ரவரியில் ஐந்தாம் பதிப்புக்கு வெளியீட்டுப் பொறுப்பாளர் யார் என்று கேள்வி வந்தபோது, லிஸ்பனில் இருந்து டோரினைத் தொடங்கிய எலேனா அவள் பெயரைச் சொன்னார். மொழியின் உள்ளே கைவைத்து நிரல் எழுதுகிறவர்கள்தான் அதுவரை அந்த இடத்தில் இருந்தார்கள். கையேடு எழுதுகிறவள் வந்தது அதுதான் முதல் தடவை. சிலர் வாழ்த்தினார்கள். சிலர் ஒன்றும் சொல்லவில்லை.

பொறுப்பு என்றால் பெரிய யோசனை எதுவும் இல்லை. நூறு சின்ன வேலைகள். மூலநிரலில் அறுபத்து மூன்று இடங்களில் 'நான்கு' என்று இருக்கும் பதிப்பு எண்ணை 'ஐந்து' ஆக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் நடந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் மாற்றங்களைப் படித்து, பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி எழுத வேண்டும். கைவிடப்பட்ட கட்டளைகளைக் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, கணினியில் செருகுகிற தன் கையொப்பச் சாவியால் இது அசல்தான் என்று முத்திரை வைத்து, சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு உலகத்துக்குத் திறந்துவிட வேண்டும்.

இந்தப் பதிப்பில் இன்னொன்றும் இருந்தது. டோரின் கையேடு பத்து மொழிகளில் இருந்தது. பதினொன்றாவதாகத் தமிழ் சேர வேண்டும் என்று சுடர்விழியும் ஷமீராவும் ஒன்றரை வருஷமாக உழைத்திருந்தார்கள். ஷமீரா அவளோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது திருவாரூரில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆசிரியை. வெள்ளிக்கிழமைக்குள் முழுதாக முடிந்தால்தான் தமிழ்க் கையேடு ஐந்தாம் பதிப்போடு போகும். இல்லையென்றால் அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அம்மா அம்சம் மோர் கொண்டுவந்து வைத்தாள். நூறு நாள் வேலையில் அவள் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் எண்பது பேரை வைத்து வாய்க்கால் கரையைச் செதுக்கிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படி உக்காந்திருப்ப?"

"அடுத்த சனிக்கெழம வரைக்கும்மா. இதுக்கு நான்தான் பொறுப்பாளர்."

"நானும் பொறுப்பாளர்தான். பதினோரு மணிக்கெல்லாம் ஆளுங்கள நெழல்ல உக்கார வெச்சிட்டேன். ஒன்ன யாரு உக்கார வெக்கிறது?" என்று சொல்லிவிட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஷமீரா கூப்பிட்டாள். குரலில் களைப்பு இருந்தது. கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடர், ஒரு சந்தேகம். தொடர் எழுதுறோம்ல, ஒண்ணுலேருந்து பத்து வரைன்னு. அந்தப் பத்து சேருமா, சேராதா?"

"சேரும். டோரின்ல எப்பவும் சேரும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தமிழ்ல பத்து வரைன்னாலே பத்தும் சேந்துதான். ஆனா எதுக்கும் பாத்துடலாம்னு புது வெர்ஷன்ல ஓட்டிப் பாத்தேன். சேரல."

சுடர்விழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த உதாரணம்?"

"நாப்பத்தோராம் பக்கம். ஒண்ணுலேருந்து பத்து வரை, மூணு மூணா தாண்டிப் போறது. கையேட்டுல விடை ஒண்ணு, நாலு, ஏழு, பத்துன்னு போட்டிருக்கு. எனக்கு ஏழோட நின்னுடுது. மூணு தடவ பாத்துட்டேன்டி. நான்தான் ஏதாச்சும் தப்பா அடிச்சிட்டேனா?"

"இரு, நானும் பாக்குறேன்."

சுடர்விழி அந்த உதாரணத்தின் நான்கு வரிகளைத் தட்டினாள். ஒன்று, நான்கு, ஏழு. அவ்வளவுதான். பழைய பதிப்பில் ஓட்டினாள். ஒன்று, நான்கு, ஏழு, பத்து. கையேட்டில் இருப்பதுபோல் தொடருக்கு ஒரு பெயர் வைத்து, பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஓட்டினால் பத்து விழுந்துபோனது. பெயர் வைக்காமல் நேரடியாக எழுதினால் புதிய பதிப்பிலும் பத்து வந்தது.

"நீ தப்பா அடிக்கல ஷமீ," என்றாள். கழுத்துத் துண்டை எடுத்துக் கீழே போட்டாள். "மொழிதான் தப்பா எண்ணுது."

ஐந்தாம் பதிப்பின் பெருமையே அதன் வேகம்தான். தொடர்களை எண்ணுகிற வேலை மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமாகும்படி முழுக்க மாற்றி எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவன் பிரபு. திருப்பனந்தாள் பக்கத்தில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்து, ரோட்டர்டாமில் பத்து வருஷமாக இருக்கிறவன். இரண்டு வருஷ உழைப்பு. டோரின் ஆட்களில் அவனைவிட உள்வேலை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காலையானதும் சுடர்விழி வீடியோவில் கூப்பிட்டாள்.

"பாத்தேன், நீங்க அனுப்பினத," என்றான் பிரபு. பின்னால் ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. "பதினெட்டாயிரம் டெஸ்ட் இருக்கு சுடர்விழி. எல்லாம் பாஸ். இது ரொம்ப அபூர்வமா வர்ற கேஸ்."

"டெஸ்ட் எல்லாத்துலயும் தொடர நேரா எழுதியிருக்கோம். பேரு வெச்சு ஓட்டற டெஸ்ட் ஒண்ணுகூட இல்ல. நேத்து சாயங்காலம் பூரா தேடிட்டேன்."

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். இத சரி பண்ணணும்னா நான் புதுசா எழுதின அந்த எண்ணற வழியவே எடுக்கணும். எடுத்தா வேகம் போயிடும். வேகம்தான் இந்த ரிலீஸே. சனிக்கெழம தேதி சொல்லியாச்சு, உலகம் பூரா எழுதியாச்சு. கையேட்டுல ஒரு வரி மாத்திடுங்களேன். பேரு வெச்ச தொடர்ல கடைசி எண் சில சமயம் சேராதுன்னு போட்டுட்டா முடிஞ்சுது. அது உங்க ஏரியாதான?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது சூடேறியது. ஆனால் பதற்றப்படாமல் பேசினாள்.

"பிரபு, பன்னெண்டு வருஷமா கையேட்டுல பத்து சேரும்னு எழுதியிருக்கு. அத நம்பித்தான் எல்லாரும் எழுதியிருக்காங்க. ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல பத்தாவது சாம்பிள விட்டுட்டு ரிப்போர்ட் வந்தா? எர்ரர் வராது. நின்னு போகாது. சத்தமே இல்லாம ஒண்ணு கொறையும். அத யாரு கண்டுபிடிப்பா?"

"நீங்க சொல்றது புரியுது. அடுத்து வர்ற அஞ்சு புள்ளி ஒண்ணுல பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள எத்தன பேரு ஏத்திடுவாங்க? நான் இத தடையா போடுறேன். இது சரியாகாம ரிலீஸ் இல்ல."

"உங்க அதிகாரம். போடுங்க," என்றான். அழைப்பு முடிந்தது.

பொறுப்பாளர் ஒரு பிழைக்குச் சிவப்புக் கொடி போட்டால் வெளியீடு நிற்கும். டோரினில் அது விதி. அவள் கொடியைப் போட்டாள். காரணத்தை எழுதினாள். ஒரு மணி நேரத்தில் இணையத்தில் டோரின் ஆட்கள் பேசிக்கொள்ளும் பொது மன்றத்தில் முப்பது பதில்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் சரி என்றார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: ஆவணம் எழுதுகிறவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும், கையேட்டில் ஒரு காற்புள்ளிக்காக உலகத்தையே நிறுத்துவார்கள். அதற்குக் கீழே பதினேழு பேர் ஆமோதித்திருந்தார்கள். எலேனா மட்டும் ஒரே வரி எழுதினார்: "பொறுப்பாளர் சொன்னால் சொன்னதுதான்."

சுடர்விழி பதில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு பத்தி எழுதிவிட்டு அழித்தாள். கீழே இறங்கிப் போனாள். அப்பா வைரக்கண்ணு கொல்லையில் விதைநெல் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இதே ஊரில் பிறத்தியார் வயலில் அறுத்தவர். வைரக்கண்ணுவுக்கு இப்போது சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் இருந்தது.

"என்ன சுடரு, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வேலைய நிறுத்தி வெச்சிருக்கேன்ப்பா. தப்பு ஒண்ணு இருக்கு. எல்லாரும் திட்டறாங்க."

"தப்பு இருக்கறது உறுதிதானா?"

"உறுதிதான்."

"அப்ப திட்டிட்டுப் போறாங்க," என்றார் அவர். மறுபடி நெல்லைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேலே போகும்போது, நிறுத்திவைத்தது போதாது, தானே உள்ளே இறங்கித் தேடிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

புதன்கிழமை காலை எட்டரை மணிப் பேருந்தில் திருவாரூர் போனாள். பாலிடெக்னிக்குக்கு விடுமுறை. ஷமீரா ஆய்வகத்தின் சாவியை வாங்கி வைத்திருந்தாள். நாற்பது கணினிகள் இருந்த அந்த அறையில் இரண்டு பேர்தான். ஷமீரா வீட்டிலிருந்து ஒரு பெரிய டிபன் கேரியர் வந்திருந்தது.

"மொதல்ல இந்த ஒண்ணு மட்டும்தானான்னு பாப்போம்," என்றாள் சுடர்விழி. "கையேட்டுல இருக்கற உதாரணம் எல்லாத்தையும் உருவி எடுத்து ஓட்டிடலாம். அச்சுல இருக்கற விடையும் வர்ற விடையும் ஒண்ணான்னு மெஷினே பாக்கட்டும்."

"இத்தன வருஷத்துல யாரும் செஞ்சதில்லயா?"

"இல்ல. அந்த விடையெல்லாம் ஆரம்பத்துல யாரோ கையால தட்டி வெச்சது. எல்லாரும் நம்பிட்டோம். நானும்தான்."

உதாரணங்களை உருவுகிற நிரலை ஷமீரா எழுதினாள். மத்தியானத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு உதாரணங்கள் தனித்தனிக் கோப்புகளாக நின்றன. ஓட்டினார்கள். நானூற்று ஒன்பது சரி. மூன்று தப்பு. மூன்றும் பெயர் வைத்த தொடர்கள். மூன்றிலும் கடைசி எண் காணாமல் போயிருந்தது.

"அப்ப ஒரே எடத்துலதான் இருக்கு," என்றாள் ஷமீரா. "மூணும் ஒரே குத்தவாளி."

பிரபு எழுதிய பகுதி இரண்டாயிரத்து நானூறு வரி. சுடர்விழி அதைப் புதன்கிழமை முழுக்கப் படித்தாள். வியாழக்கிழமையும் அதே பேருந்தில் வந்து படித்தாள். நல்ல நிரல் அது. படிக்கப் படிக்க அவளுக்குப் பிரபு மேல் மரியாதை கூடியது. ஆனால் விளக்கக் குறிப்புகள் குறைவாக இருந்தன. அதனால் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அவளே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். ஆறு வருஷமாக மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த அதே வேலைதான். எழுத முடியாமல் தடுக்கும் இடத்தில் தனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அங்கே நின்று திரும்பப் படித்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பேனா ஓர் இடத்தில் நின்றது.

"ஷமீ, இங்க வா. இத எனக்கு வெளக்கிச் சொல்லு. ஒண்ணுலேருந்து பத்துக்கு எவ்வளவு தூரம்?"

"ஒம்பது."

"மூணு மூணா தாண்டினா?"

"மூணு தாண்டு."

"மூணு தாண்டுக்குக் கால் எத்தன எடத்துல படும்?"

ஷமீரா தரையில் பதித்திருந்த ஓடுகளைப் பார்த்தாள். மனதுக்குள் தாண்டிப் பார்த்திருக்க வேண்டும். "நாலு," என்றாள். "கெளம்பின எடத்தயும் சேத்து."

"நேரா எழுதற தொடருக்கு அந்த ஒண்ண கூட்டியிருக்காரு. பேரு வெச்ச தொடருக்குக் கூட்டல. அதுக்குப் பதிலா, மீதி வந்தா ஒண்ணு ஏத்திக்கன்னு எழுதியிருக்காரு. பதினொண்ணு வரைக்கும் போனா மீதி வரும், தற்செயலா சரியா போயிடும். மீதியே இல்லாம கச்சிதமா முடிஞ்சா மட்டும் ஒண்ணு கொறையும். அதான் யாரு கண்ணுலயும் படல."

"அப்ப சரி பண்ண எவ்வளவு மாத்தணும்?"

"ஒரு வரி."

அந்த வரியை மாற்றினாள். மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டச் சொன்னாள். மூன்று உதாரணங்களையும் ஓட்டினாள். பத்து வந்தது. நானூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டினாள். எல்லாம் சரி. பதினெட்டாயிரம் சோதனைகளும் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கேரியரில் மிச்சமிருந்த இடியாப்பத்தைத் தின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பச்சை. கடைசியாக வேகத்தை அளந்தாள். வேகம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

ஷமீரா நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கையேட்ட மாத்தச் சொன்னாங்கல்ல," என்றாள்.

சுடர்விழி திருத்தத்தை அனுப்பினாள். எதற்காக அந்த வரி, எப்படி எண்ணினால் புரியும் என்று கீழே எட்டு வரியில் விளக்கமும் வைத்தாள். இருபது நிமிஷத்தில் பிரபு கூப்பிட்டான். இந்த முறை வீடியோ இல்லை.

"மூணு தடவ படிச்சேன்," என்றான். "தப்பு என்னுதுதான். அந்த வழிய எடுக்கணும்னு நான் சொன்னது, திரும்பத் தொறந்து பாக்க மனசு வராமதான். ரெண்டு வருஷமா அதையே பாத்துக்கிட்டிருந்தேன்ல."

"நல்லா எழுதியிருக்கீங்க பிரபு. நெசமாத்தான் சொல்றேன். அதப் படிக்கறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, ஆனா அலுக்கல."

"நீங்க எழுதின வெளக்கத்தையும் ப்ரோக்ராமுக்குள்ளயே போட்டுடவா? அடுத்தவன் ரெண்டு நாள் படிக்க வேணாம்."

"போடுங்க."

"இன்னொண்ணு. அன்னிக்கி உங்க ஏரியான்னு சொன்னேன். அத சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னதும் நல்லதாப் போச்சு," என்றாள் சுடர்விழி. "இல்லன்னா நான் உள்ள எறங்கியிருக்க மாட்டேன்."

அன்று மாலை பொது மன்றத்தில் பிரபுவே நீளமாக எழுதினான். பிழை தன்னுடையது, அதைக் கண்டுபிடித்தது தமிழ்க் கையேட்டின் மொழிபெயர்ப்பாளர், திருத்தியது வெளியீட்டுப் பொறுப்பாளர், இனிமேல் கையேட்டின் எல்லா உதாரணங்களும் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் தானாகவே ஓடிச் சரிபார்க்கப்பட வேண்டும் என்று. காற்புள்ளி பற்றி எழுதியவர், தன் பதிவை எடுக்காமல், கீழே மன்னிப்பு என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். சிவப்புக் கொடி இறங்கியது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஷமீரா தமிழ்க் கையேட்டின் கடைசிப் பக்கத்தை அனுப்பினாள். தேதி மாறவில்லை. சனிக்கிழமை ஐந்தரை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு இணையம் போனது.

மேட்டூர் அணை திறப்பதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று ஊரைச் சுற்றி எல்லா வாய்க்காலிலும் ஜேசிபி இறங்கியிருந்தது. அதில் ஒன்று, கரையோரம் புதைத்திருந்த ஃபைபர் கேபிளை மண்ணோடு சேர்த்து அள்ளிவிட்டது. டவரும் அதே கேபிளில்தான். செல்போனில் ஒரு கோடு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. திருத்துறைப்பூண்டி வரைக்கும் இதே கதை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூலநிரலும் பதினொரு மொழிக் கையேடும் அவள் மடிக்கணினியில் கட்டி முடித்துத் தயாராக இருந்தன. ஏற்றி முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஐந்தரைக்கு ஏறாவிட்டால் பதிப்பை நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும், உலகமெங்கும் உள்ள பிரதிக் கணினிகள் பழைய பதிப்பையே எடுத்துக்கொண்டு போய்விடும்.

சுடர்விழி மடிக்கணினியையும் கையொப்பச் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அப்பா வயலில் இருந்தார். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க?"

"திருவாரூர். ஷமீ காலேஜ்ல வேற லைன். பஸ்ஸு எப்ப?"

"மூணரைக்குத்தான். வெள்ளாங்குழி போயி சுத்திக்கிட்டுப் போவான்." அம்சம் உள்ளே போய் ஸ்கூட்டி சாவியோடு வந்தாள். பணித்தளங்களுக்குப் போய்வர அவள் வாங்கியது. "ஏறு. நீ ஓட்டாத, பைய புடிச்சுக்க."

முப்பது கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் உழவு ஓட்டி ஈரத்துக்குக் காத்திருந்த வயல்கள். அம்சம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரே சீராக ஓட்டினாள். திருவாரூர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி கடக்கப் பன்னிரண்டு நிமிஷம். சுடர்விழி மணியைப் பார்த்தபடி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாலிடெக்னிக் வாசலை அடைந்தபோது நான்கு பத்து. ஷமீரா கேட்டிலேயே நின்றிருந்தாள்.

ஏற்றுவதற்கு ஐம்பது நிமிஷம் ஆனது. ஐந்து ஐந்துக்குக் கையொப்பச் சாவியைச் செருகி, கடவுச்சொல்லைத் தட்டி முத்திரை வைத்தாள். திரையில் வந்த சரிபார்ப்பு எண்ணை ரோட்டர்டாமிலிருந்து பிரபுவும் லிஸ்பனிலிருந்து எலேனாவும் தங்கள் பக்கத்தில் ஒப்பிட்டு, சரி என்று எழுதினார்கள். பிறகு ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

டோரினின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஒரு பெயர் உண்டு. பொறுப்பாளர் தன் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெயரை வைப்பார். நான்காம் பதிப்புக்கு ஸ்காட்லாந்தில் ஒரு ஏரி. சுடர்விழி ஐந்து நாளாகப் பிழையையே நினைத்துக்கொண்டிருந்ததில் பெயரை யோசிக்கவே இல்லை.

"சீக்கிரம் ஒரு பேரு சொல்லு ஷமீ."

"ஒங்க ஊருல ஓடறது என்ன ஆறு?"

சுடர்விழி தட்டினாள். முள்ளியாறு.

ஐந்தரைக்குப் பொத்தானை அழுத்தினாள். டோரின் 5.0, முள்ளியாறு. பக்கம் ஒரு நொடி வெள்ளையாக நின்றது, பிறகு விரிந்தது. கையேடுகளின் பட்டியலில் பத்து மொழிகளுக்குக் கீழே 'தமிழ்' என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. இறக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை பதினொன்று, நாற்பது, இருநூறு என்று ஏறியது. ஆறு மணிக்கு ஒன்பதாயிரம். அம்சம் ஆய்வகத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுதும்மா."

ஷமீரா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்றது.

வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. பொலிவியாவில் ஒரு வானிலை நிலையம். ஹனோயில் ஒரு பள்ளிக்கூடம். பிரபு எழுதியிருந்தான்: 'மண்ணியாறுன்னு வெச்சிருந்தா எங்க ஊரும் உலகம் பூரா தெரிஞ்சிருக்கும். பரவால்ல, எல்லாம் ஒரே தண்ணிதான்.' அதற்குக் கீழே எலேனா ஒரு கேள்வி கேட்டிருந்தார். பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் சொல்ல வரவில்லை. சரியாக எப்படி உச்சரிப்பது, கையேட்டின் முதல் பக்கத்தில் ஒலியாகச் சேர்க்க முடியுமா?

சுடர்விழி செல்போனில் ஒலிப்பதிவைத் திறந்தாள். தன் குரலில் சொல்லப் போனவள் நிறுத்தி, எழுந்து பின்வரிசைக்குப் போனாள்.

"அம்மா, நம்ம ஊரு ஆத்துப் பேர இதுல சொல்லு."

"எதுக்கு?"

"உலகத்துல எல்லாரும் அதக் கேட்டுச் சொல்லக் கத்துக்கப் போறாங்க."

அம்சம் தலைக்கவசத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பணித்தளத்தில் வருகைப் பெயர் கூப்பிடுகிற குரலில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி சொன்னாள்.

"முள்ளியாறு. சரியா வுழுந்துதா, இன்னொரு தரம் சொல்லவா?"